ஏழேகால் மணி நேர ரயில் பயணத்தை வீட்டிலிருந்து பார்ப்பது எப்படி?

2009 நவம்பர் 27, வெள்ளிக்கிழமை மாலை, நார்வேயின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. தன் இரண்டாம் அலைவரிசையில் ஒரு ரயில் பயணத்தைக் காட்டத் தொடங்கியது. பெர்கன் நகரிலிருந்து புறப்பட்ட வண்டி ஆஸ்லோ போய்ச் சேரும் வரையிலான ஏறக்குறைய ஏழேகால் மணி நேரமும் முழுதாக ஒளிபரப்பாயிற்று. அந்த ரயில் பாதைக்கு நூறு வயது நிறைந்ததையொட்டிச் செய்த நிகழ்ச்சி அது. மக்கள்தொகை ஐம்பது லட்சத்தைக்கூட எட்டியிராத நாட்டில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் அதன் ஏதேனும் ஒரு பகுதியையாவது பார்த்திருந்தார்கள். அதன்பின் கப்பல், விறகு, கம்பளி நூல் என்று வரிசையாக வந்த இந்த வகை நிகழ்ச்சிகளுக்கு ‘சாக்தெ டிவி’, அதாவது மெதுவான தொலைக்காட்சி, என்ற பெயர் நிலைத்தது. 2013இல் நார்வேயின் மொழி மன்றம் அதையே அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது.

உலகத் தொலைக்காட்சியின் விசித்திரங்களைத் தேடிப் பார்ப்பவர்கள் பலரும் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்; பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “இதில் என்ன இருக்கிறது?” என்று மூடியும் வைத்திருப்பார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். கைப்பேசியில், இரட்டை வேகத்தில், சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். வழக்கமான நிகழ்ச்சியில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் படத்தொகுப்பாளர் முன்பே தீர்மானித்து, மீதியை வெட்டி எறிந்துவிடுகிறார். இங்கே அந்த வேலையை யாரும் செய்து வைக்கவில்லை என்பதால் அது பார்ப்பவர் தலையில் விழுகிறது. அந்த வேலையைச் செய்ய நாம் தயாரானால்தான் இந்த நிகழ்ச்சிகள் தம் சுவையைக் காட்டும்.

ரயிலில் தொடங்குவதே நல்லது. ‘பெர்கன்ஸ்பானன்’ என்ற பெயரில் தேடினால் இரண்டு வடிவங்கள் அகப்படும். ஒன்று தொலைக்காட்சியில் வந்தது. அதில் பயணிகளுடன் உரையாடல்கள் உண்டு, வண்டி சுரங்கத்துக்குள் நுழையும்போது பழைய ஆவணப் படத்துணுக்குகளும் வரும். மற்றொன்று வண்டியின் முகப்புக் கேமரா பதிவு செய்தது. இதை யார் வேண்டுமானாலும் பதிவிறக்கிக்கொள்ளலாம் என்று என்.ஆர்.கே. அப்போதே அனுமதித்துவிட்டது. நார்வே மொழி தெரியாதவர்களுக்கு இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன். அதில் புரியாமல் போவதற்கு எதுவுமில்லை.

வீட்டில் இருப்பதிலேயே பெரிய திரையைத் தேர்ந்தெடுங்கள். ஒலியை அணைக்காதீர்கள், தண்டவாளத்தின் ஓசை மாறுவதை வைத்தே பாலம், சுரங்கம், நிலையம் எது வருகிறது என்று காது முன்கூட்டிச் சொல்லிவிடும். வேகத்தைக் கூட்டுவதும் தாவிச் செல்வதும் கூடாது. முழுவதையும் ஒரே அமர்வில் பார்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் கிடையாது. நார்வேக்காரர்களிலேயே பலர் இடையில் எழுந்து சமைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள்தான். ஆனால் முதல் அமர்வு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். முதல் இருபது நிமிடம் கை தானாகவே கைப்பேசியைத் தேடும். ஆகவே அதை வேறு அறையில் வைத்துவிட்டு வருவது உத்தமம்.

அவ்வளவு நேரமும் எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள விடை சுரங்கங்கள். இந்தப் பாதையில் சின்னதும் பெரியதுமாக 150க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஃபின்சே நிலையத்துக்குச் சற்று முன்பு வரும் சுரங்கம் பத்துக் கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளமுடையது. முகப்புக் கேமராவில் அதைப் பார்க்கையில் திரை கறுத்து, வண்டி விளக்கின் வெளிச்சத்தில் தண்டவாளங்களின் இரு கோடுகள் மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். இரண்டு நிமிடம் போனதும் அலுப்பு வரும். அதன்பின் சுவரின் கல் வரிகளைக் கண் தானாகவே கவனிக்கத் தொடங்கும். நெடுநேரம் கழித்து, ஊசி முனையளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும். அது மிளகளவாகி, நாணயமளவாகி, திடீரென்று திரை முழுவதும் வெளிச்சமாகும்போது மரமே இல்லாத மேட்டுநிலத்தில் வண்டி நிற்கப் போகிறது. கடல்மட்டத்திலிருந்து 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபின்சே, அந்நாட்டு ரயில் நிலையங்களிலேயே மிக உயரமானது. இதே காட்சியை மூன்று நிமிடப் பயணக் காணொளியில் வைத்தால் அழகான மலை என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவோம். இருட்டில் காத்திருந்தவனுக்கு அது வந்து சேர்ந்த இடமாகத் தெரிகிறது. தயாரிப்பாளர்களுள் ஒருவரான தோமஸ் ஹெல்லும் மேடையொன்றில் சொன்ன கதை இங்கே பொருந்தும்: நிகழ்ச்சியை முழுவதும் பார்த்த 76 வயது முதியவர் ஒருவர், கடைசி நிலையம் வந்ததும் பெட்டியை எடுப்பதற்காக எழுந்தாராம். திரைச்சீலைக் கம்பியில் தலை இடித்த பிறகே தாம் தம் வீட்டுக் கூடத்தில் இருப்பது அவருக்கு உறைத்ததாம்.

ரயில் பழகியபின் நெருப்புக்கு வரலாம். 2013 பிப்ரவரி 15 அன்று ஒளிபரப்பான விறகு நிகழ்ச்சி பன்னிரண்டு மணி நேரம் ஓடியது. முதலில் மரம் வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது பற்றிய பேச்சு. பிறகு விடியும் வரை கணப்பில் எரியும் நெருப்பு. நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஐ.எக்ஸ். தொலைக்காட்சி நிலையம் 1966லேயே கிறிஸ்துமஸுக்குக் கணப்பு நெருப்பை ஒளிபரப்பியதே, இதில் என்ன புதுமை என்று ஒருவர் கேட்கலாம். அது பதினேழு விநாடிப் படத்தையே திரும்பத் திரும்ப ஓட்டியது. இங்கே எரிந்தது உண்மையிலேயே அணைந்துவிடக்கூடிய நெருப்பு. அவ்வப்போது ஒரு கை வந்து ஒரு கட்டையை வைத்துவிட்டுப் போகும், சில சமயம் அது சரியாகப் பற்றாமல் புகையும். நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்த குறுஞ்செய்திகளில் ஒரு பாதி, கட்டையைப் பட்டை மேலிருக்க அடுக்குகிறார்களே என்று குறைபட்டது; மறுபாதி, பட்டை கீழிருக்க அடுக்குகிறார்களே என்று குறைபட்டது. ஆகவே இதைத் தனியாகப் பார்க்காதீர்கள். விறகடுப்பு ஊதிப் பழகிய பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்தால், “அந்தக் கட்டையைக் கொஞ்சம் உள்ளே தள்ளேன்டா” என்று திரையைப் பார்த்து அவர் சொல்வதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

அதே ஆண்டு நவம்பரில் வந்த பின்னல் நிகழ்ச்சியை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆட்டிலிருந்து ரோமம் கத்தரித்து, நூல் நூற்று, ஸ்வெட்டர் பின்னி முடிக்கும் ஆஸ்திரேலியச் சாதனையான 4 மணி 51 நிமிடத்தை முறியடிக்கப் புறப்பட்டவர்கள், எட்டு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டார்கள். தோற்ற விதம் வேடிக்கைதான். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் முடிவை அறியும் அவசரமும் கூடவே வந்துவிடுகிறது.

கப்பலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 2011 ஜூனில் ஹூர்டிகுருட்டன் கப்பல் பெர்கனிலிருந்து வடகோடியிலுள்ள கிர்க்கெனஸ் வரை சென்ற பயணம் 134 மணி நேரம் நேரலையாக வந்தது. ரயில் நிகழ்ச்சி முன்கூட்டிப் பதிவு செய்யப்பட்டது. கப்பலோ அந்தந்த நொடியில் சென்றுகொண்டிருந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். முதல் நாள் கரைகளில் ஆள் குறைவு. கப்பல் வருவதைத் தொலைக்காட்சியிலேயே கண்ட ஊர்க்காரர்கள், அடுத்தடுத்த நாட்களில் கொடிகளோடும் படகுகளோடும் துறைமுகங்களில் வந்து குவியத் தொடங்கினார்கள். அரசி சோனியாவும் அரச கப்பலில் இருந்து கையசைத்தார். முதல் நாளில் ஒரு மணி நேரத்தையும் நான்காம், ஐந்தாம் நாட்களில் ஒரு மணி நேரத்தையும் பார்த்து ஒப்பிட்டால், பார்வையாளர்களே நிகழ்ச்சிக்குள் நுழைந்துவிட்டது கண்கூடாகத் தெரியும்.

பதிவு செய்யப்பட்டவை போதும், நேரலையே வேண்டும் என்போருக்கு ஸ்வீடன் இருக்கிறது. 2019 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் அந்நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்.வி.டி., எல்க் எனப்படும் பெரிய மான்கள் ஓங்கர்மான் ஆற்றை நீந்திக் கடந்து கோடை மேய்ச்சலுக்குப் போவதை இரவும் பகலுமாகச் சில வாரங்கள் காட்டி வருகிறது. எத்தனை மான்கள் கடந்தன என்ற எண்ணிக்கை திரையிலேயே இருக்கும். அது மணிக்கணக்கில் அசையாமலும் இருக்கும். அங்கே வசந்தத்தில் கடிகாரம் இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. எல்க்குகள் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும்தான் என்பதால், ஏப்ரல் பிற்பாதியில் காலை ஏழரை மணி வாக்கில், காபி டம்ளரோடு உட்கார்ந்தால் அந்த ஆற்றங்கரையில் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருக்கும்.