சிங்கப்பூரில் தனியார் மனநல ஆலோசகரிடம் முதன்முறை செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் சந்திப்பன்று என்னிடம் கொடுக்கப்பட்ட படிவத்தில், அவசரத்தில் யாரைத் தொடர்புகொள்வது என்ற கட்டத்தை நான் நிரப்பவில்லை. அம்மாவின் எண்ணை எழுதினால் அன்று மாலைக்குள் வீட்டுக்கு அழைப்பு போய்விடும் என்ற பயம். ஆலோசகர் அதைக் கவனித்துவிட்டு, என் உயிருக்கு ஆபத்து என்று தாம் கருதினால் மட்டுமே அந்த எண்ணை அழைப்பதாக விளக்கினார். படிவத்தை நிரப்பும்போதே நான் கேட்டிருக்கலாம். புதிதாகச் செல்வோர் செய்யும் தவறுகளில் பலவும் இப்படிப்பட்டவைதான். கேட்க வேண்டியதைக் கேட்காமல் நாமாக ஊகித்துக்கொள்கிறோம். சொல்ல வேண்டியதை மரியாதை கருதி விழுங்கிவிடுகிறோம்.

ரகசியம் காக்கப்படுமா என்பதே பலரின் முதல் கவலை. பேசியவை பொதுவாக அந்த அறையைத் தாண்டுவதில்லை. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து நேரிடும் நிலை, ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவது, நீதிமன்ற உத்தரவு போன்றவை விதிவிலக்குகள். அவற்றை முதல் நாளிலேயே விளக்கச் சொல்லிக் கேளுங்கள். வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று அஞ்சி ஆலோசனையையே தள்ளிப்போடுபவர்களும் உண்டு. வேலை விண்ணப்பப் படிவத்தில் மனநோய் பற்றிக் கேட்பது முறையல்ல என்பதை, அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2020ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்திவிட்டன.

தேர்ந்தெடுக்கும்போது பெயர்ப்பலகையை மட்டும் நம்புவது அடுத்த தவறு. மனநல மருத்துவர் என்பவர் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் பதிவுபெற்ற மருத்துவர். அவர் மருந்து எழுதித் தரலாம். உளவியல் நிபுணரும் மனநல ஆலோசகரும் மருந்து தருவதில்லை. இவ்விரு தொழில்களுக்கும் நெடுங்காலமாக இருந்துவருபவை, அந்தந்தத் துறையின் சங்கங்கள் நடத்தும், விரும்பியோர் சேரும் பதிவேடுகளே. ஆகையால், எங்கே படித்தீர்கள், எந்தச் சங்கத்தில் பதிந்திருக்கிறீர்கள், என் போன்ற பிரச்சினையோடு வந்தவர்களுடன் பணியாற்றியிருக்கிறீர்களா என்று கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. இக்கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரை விட்டு விலகுவதே நல்லது என்பது என் கருத்து.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதும் தொல்லையில்தான் முடியும். ஏறத்தாழ 50 முதல் 60 நிமிடம் நீடிக்கும் ஒரு தனியார் சந்திப்புக்கு 100 வெள்ளிக்கு மேல் ஆவது சாதாரணம். 200 வெள்ளியைத் தாண்டுவதும் உண்டு. முதல் மாதமே சேமிப்பைக் கரைத்துவிட்டு மூன்றாவது சந்திப்போடு நிறுத்துவதைவிட, எத்தனை வாரங்களுக்குக் கட்டுப்படியாகும் என்று முன்னரே கணக்கிட்டு, இரு வாரத்துக்கு ஒருமுறை வரலாமா, குறைந்த கட்டணத்துக்கு இடமுண்டா என்று கேட்பது மேல். கடைசி நேரத்தில் ரத்துசெய்தால் முழுக்கட்டணம் வசூலிக்கும் இடங்கள் பல. தனியார் செலவு முடியாதென்றால், பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு பொது மருத்துவமனையில் மானியக் கட்டணத்தில் சிகிச்சை பெறலாம். குடும்பச் சேவை நிலையங்களையும் அணுகலாம்.

முதல் நாளே ஒரு தீர்வோடு வீடு திரும்பலாம் என்ற எதிர்பார்ப்புதான் பலரையும் ஏமாற்றுகிறது. நம் குடும்பங்களில் குழப்பம் வந்தால் பெரியவரிடம் போய், "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்போம், அவரும் ஒரு முடிவைச் சொல்லி அனுப்புவார். ஆலோசகரோ, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார். தொடக்கச் சந்திப்புகள் பெரும்பாலும் தூக்கம், பசி, குடும்பம், உட்கொள்ளும் மருந்துகள், முன்பு பெற்ற சிகிச்சை ஆகியவற்றைப் பற்றிய விசாரணையிலேயே கழியும். மனச்சோர்வின் அளவை அறிய உதவும் பிஎச்கியூ-9 என்ற வினாத்தாளைத் தந்தால், கடந்த இரு வாரங்களை மனத்தில் வைத்து அதன் ஒன்பது கேள்விகளுக்கும் உள்ளபடியே விடையளியுங்கள். நிலைமையை மென்மையாகக் காட்டக் குறைத்துக் குறித்தால், அதற்கேற்பக் குறைவான உதவியே கிடைக்கும். ஒன்பதாவது கேள்வி, இறந்துபோனால் தேவலை என்ற எண்ணத்தையும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. தற்கொலை முயற்சி 2020 முதல் சிங்கப்பூரில் குற்றமல்ல. ஆகவே அந்தக் கேள்வியில் உண்மையைக் குறிக்க அஞ்ச வேண்டியதில்லை.

மொழியைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. முதல் மூன்று சந்திப்புகளிலும் ஆங்கிலத்தில், "ஆங்சியஸ்" (பதற்றம்) என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காவதில், எனக்கு வயிற்றைப் பிசைகிறது என்று தமிழில் வந்துவிட்டது. ஆலோசகர் தமிழர் அல்லர். அதற்கு என்ன பொருள் என்று கேட்டார். அப்பாவின் சாவிச் சத்தம் வாசலில் கேட்கும்போது அடிவயிற்றில் ஏற்படும் ஒன்று என்று விளக்கத் தொடங்கியபோதுதான், அதுவரை சொல்லாமலிருந்த விஷயம் வெளியே வந்தது. தமிழ் பேசும் ஆலோசகர் கிடைத்தால் நன்று. சிறிய சமூகம், தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்று தயங்குவதும் நியாயமே. யாரிடம் போனாலும், ஆங்கிலத்தில் அடங்காத சொல்லைத் தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு விளக்குங்கள்.

ஆலோசகரிடமே நல்ல பிள்ளையாக நடந்துகொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். அவர் சொன்னது மனத்தைத் தைத்திருக்கும். "பரவாயில்லை" என்று சிரிப்போம். வீட்டில் எழுதிவரச் சொன்னதை எழுதியிருக்க மாட்டோம், மறந்துவிட்டது என்போம். பிறகு ஒருநாள் வாட்ஸ்அப் செய்திக்குப் பதில் போடாமல் நின்றுவிடுவோம். உங்கள் அணுகுமுறை எனக்குப் பொருந்தவில்லை என்று நேரில் சொன்னால், அவர் அணுகுமுறையை மாற்றிப் பார்க்கலாம், அல்லது வேறொருவரிடம் அனுப்பிவைக்கலாம். அதைக் கேட்பதும் அவர் தொழிலின் ஒரு பகுதி. பழைய காயங்களைப் பேசிய நாளில் இன்னும் மோசமாக உணர்வது வழக்கம். அதை மட்டுமே காரணமாக வைத்து நிறுத்திவிடாமல், அடுத்த சந்திப்பின் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள்.

இரு சந்திப்புகளுக்கு இடையே நள்ளிரவில் ஆலோசகர் தொலைபேசியை எடுப்பார் என்று எண்ணியிருக்க வேண்டாம். பெரும்பாலும் எடுக்க மாட்டார். தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 1767, தேசிய மனநல உதவி எண்ணான 1771 ஆகிய இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. உடனடி ஆபத்து என்றால், ஆம்புலன்சுக்கான 995. முதல் சந்திப்புக்குக் கிளம்புவதற்கு முன்பே இவற்றைக் கைப்பேசியில் பதிந்துவையுங்கள்.