பழைய எஸ்.சி.ஓ. யூனிக்ஸ் கணினியிலிருந்து கணக்குகளை நகலெடுக்கும் முறை

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றின் கணக்கறையில், 1995-இல் வெளிவந்த எஸ்.சி.ஓ. ஓப்பன்சர்வர் 5 என்ற யூனிக்ஸ் இயங்குதளம் ஏறிய கணினி இன்னும் இயங்கினால், அது நிற்பதற்குள் கோப்புகளை நகலெடுத்துவிடுவது நல்லது.

முதலில் பயாஸ் (கணினியின் அடிப்படை அமைப்பு) திரையில் தெரியும், வன்தட்டின் அமைப்பைக் காட்டும் சிலிண்டர், ஹெட், செக்டார் எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் அவையும் அழிந்துவிடக்கூடும். 'பூட்' என்ற சொல் தோன்றியதும் என்டர் விசையை அழுத்துங்கள். பிறகு கண்ட்ரோல்-டி கொடுத்தால் இயல்பான தொடக்கம். ரூட் எனப்படும் நிர்வாகியின் கடவுச்சொல் கொடுத்தால் பராமரிப்பு நிலை.

நகலெடுக்க, கோப்புகளை ஒன்றாகத் தொகுக்கும் 'டார்' (tar) கட்டளை போதும். ஆனால் பலரும் சறுக்கும் இடம் இதுவே: சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுத்து நகலெடுத்தால், பின்னர் விரிக்கும்போது கோப்புகள் அதே பாதைக்கே சென்று, அங்கிருக்கும் புதிய கணக்குகளின் மேல் பழையதை எழுதிவிடும். ஆகவே 'சிடி' (cd) கட்டளையால் கணக்குக் கோப்பகத்துக்குள் சென்று, பாதைக்குப் பதிலாக ஒற்றைப் புள்ளியை மட்டும் கொடுங்கள். ஃபிளாப்பி ஒன்றில் 1.44 எம்.பி. மட்டுமே அடங்குமென்பதால் வட்டுகளுக்கு வரிசை எண் எழுதிவையுங்கள். எழுதியதை 'டார் டிவி' (tar tv) எனப் பட்டியலிட்டுச் சரிபாருங்கள்.

அணைக்கும்போது 'ஷட்டவுன்' (shutdown) கட்டளை கொடுத்து, மின்சாரத்தை நிறுத்தலாம் என்ற அறிவிப்பு திரையில் வந்த பின்பே சுவிட்சைத் தொடுங்கள்.