படித்து முடித்த மின்நூலைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

கடலூரில் என் தோழி ஒருத்தி தமிழில் நாவல் எழுதி, அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலில் வெளியிடுகிறாள். விற்ற நூல் திரும்பி வந்தால் அதற்கான ராயல்டி, அதாவது விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்கு, அவள் கணக்கிலிருந்து கழிந்துவிடும். முழுவதும் படித்துவிட்டுத் திருப்புகிறவர்கள் இதை அறிந்திருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

தவறுதலாக வாங்கிய நூலுக்காகத்தான் அமேசான் ஏழு நாள் அவகாசம் தருகிறது. 2022-இல் அதையும் இறுக்கினார்கள்: பத்து சதவீதத்துக்கு மேல் படித்திருந்தால் தானாகத் திருப்ப முடியாது, கோரிக்கை அனுப்பிப் பரிசீலனைக்குக் காத்திருக்க வேண்டும். கை தவறி 'வாங்கு' பொத்தானை அழுத்திவிட்டால் நூலைத் திறக்காமல் உடனே ரத்து செய்யுங்கள். அதில் ஒரு தவறும் இல்லை. எழுத்துகள் உடைந்து தெரிந்தாலும் தயங்காமல் திருப்புங்கள்.

பிடிக்குமா என்ற சந்தேகமா? முதலில் இலவச மாதிரியை இறக்கிப் படியுங்கள். நான் மாதிரியைப் படிக்காமல் வாங்குவதே இல்லை. பணம்தான் தடை என்றால், புதுச்சேரியில் 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறதே! அங்கே படித்துத் திருப்பிக் கொடுத்தால் எழுத்தாளருக்கு ஒரு காசும் குறையாது.