கால்வாசி காட்டிய முள்

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும்போது ஆரையம்பதிக்குக் கிட்ட கார் நின்றுவிட்டது. பெற்றோல் அளவு காட்டும் முள்ளோ கால்வாசித் தாங்கி என்று காட்டியது! பம்ப் பழுது என்றுதான் நினைத்தேன். மச்சான் 2 லீற்றர் பெற்றோல் கொண்டுவந்து ஊற்ற, ஸ்டார்ட் ஆனது.

உண்மையில் முள் பெற்றோலை அளப்பதில்லை. தாங்கிக்குள் ஒரு மிதவை. அதன் கம்பி மின்தடைப் பட்டையில் உரசி நகரும். அந்தத் தடை மாறுவதைத்தான் முள் காட்டுகிறது. தாங்கி நிறையப் பெற்றோல் அடித்தபின் முள் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பதும் இதனால்தான், மிதவை மேலே முட்டி நிற்கும்.

அப்புறம் கராஜில் பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, பின் சீற்றுக்கு அடியிலிருந்து அந்த மிதவையைக் கம்பியோடு வெளியே எடுத்தோம். கம்பி மூட்டில் துரு. மிதவை இறங்காமல் சிக்கியிருந்தது. சுத்தம் செய்து பூட்டியாயிற்று. இருந்தாலும் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் கிலோமீற்றரைக் குறித்து வைக்கிறேன்.