பெரிய தோட்டா சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் வாங்கப் போகிறீர்களா? அறை அறையாகச் சோதிப்பது எப்படி

டெக்சஸில் இருக்கும் எனக்கு, வார இறுதியில் ரேஞ்சுக்குப் போவது பல வருடப் பழக்கம். புதிதாக இந்தப் பக்கம் வரும் நண்பர்கள் கன் ஷோவுக்குக் கிளம்பும் முன் போன் போட்டு, "எதைப் பார்த்து வாங்குறது?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

சிங்கிள் ஆக்‌ஷன் என்றால் ஒவ்வொரு முறை சுடுவதற்கும் ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். பழைய தமிழில் துப்பாக்கியின் குதிரை என்பார்களே, அதுதான் ஹேமர். டிரிகர் அதை விடுவிக்க மட்டும்தான். 1873-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மிதான் இந்த வகைக்கு மூதாதை. இன்று .45 கோல்ட், .44 மேக்னம், .454 கசூல் என்று பெரிய தோட்டாக்களுக்கு இந்த அமைப்பில் ரிவால்வர்கள் வருகின்றன.

இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குள் போங்கள். தோட்டா நிற்கும் துளைதான் அறை; அறைகள் எல்லாம் சிலிண்டர் என்ற சுழலும் உருளையில் இருக்கும். ஆறு அறை ரிவால்வர் என்பது ஒரே குழலைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஆறு துப்பாக்கிகள். அதனால் எந்தச் சோதனையையும் ஆறு தடவை செய்ய வேண்டும். அடுத்து, ஏதாவது குறை கண்ணில் பட்டால் அது உலோகம் மிச்சமாக இருப்பதால் வந்ததா, தேய்ந்து போனதால் வந்ததா என்று கேளுங்கள். மிச்சமாக இருப்பதைச் சுரண்டி எடுத்துவிடலாம். தேய்ந்ததற்குப் புதுப் பாகம்தான் வழி. பேரம் முழுக்க இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

கொண்டு போக வேண்டியவை: ஒரு சின்ன டார்ச், பைக் மெக்கானிக் டேப்பெட் செட் செய்யும் ஃபீலர் கேஜ், ஒரு பென்சில், அந்த ரகத்துக்குரிய குண்டு ஒன்று. மருந்தோ கேஸோ இல்லாத வெறும் ஈயக் குண்டு போதும்.

படி 1: காலியா?

கோல்ட் பாணி ரிவால்வர் என்றால் ஹேமரை அரைநிலைக்கு இழுத்து, பக்கவாட்டில் இருக்கும் லோடிங் கேட்டைத் திறந்து சிலிண்டரைச் சுழற்றுங்கள். 1973 முதல் வந்த ரூகர் கம்பெனியின் நியூ மாடல்களில் அரைநிலை கிடையாது. கேட்டைத் திறந்தாலே சிலிண்டர் சுழலும். ஆறு அறையையும் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். விற்பவர் "காலிதான் சார்" என்று சொன்னாலும் பாருங்கள். ஹேமரை இழுத்துப் பார்க்கலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

படி 2: திருகுத் தலைகள்

பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் திருகுகளைப் பாருங்கள். தலையில் உள்ள வெட்டு சிதைந்திருந்தால், சரியான திருப்புளி இல்லாத யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய துப்பாக்கியில் புதுப் பூச்சு இருந்தால் எழுத்துப் பொறிப்பின் ஓரங்களைக் கவனியுங்கள். பாலிஷ் சக்கரம் பட்ட இடத்தில் எழுத்துகள் மங்கி, திருகுக் குழிகளின் விளிம்பு கிண்ணம் மாதிரி சரிந்திருக்கும்.

படி 3: டைமிங்

இந்தப் படிக்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள். ஹேமரை இழுக்கும்போது உள்ளே இருக்கும் "கை" என்ற சின்னப் பாகம் சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும். சிலிண்டரின் வெளிப்புறம் அறைக்கு ஒன்றாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். அறை குழலுக்கு நேராக வந்ததும் அடியிலிருந்து போல்ட் எழுந்து அந்தக் காடிக்குள் விழுந்து பூட்ட வேண்டும்.

இடது கை விரலை சிலிண்டர் மேல் லேசாக வைத்து, ஓடும் சக்கரத்தைத் தொட்டு நிறுத்துகிற மாதிரி மெல்லிய தடை கொடுங்கள். வலது கட்டைவிரலால் ஹேமரை மிக மெதுவாக இழுங்கள். ஹேமர் முழுநிலையில் நிற்கும் அதே கணத்தில், அல்லது ஒரு மயிரிழை முன்னால், போல்ட் காடிக்குள் விழும் சத்தம் கேட்க வேண்டும். ஹேமர் நின்றுவிட்டது, சிலிண்டர் இன்னும் பூட்டவில்லை என்றால் கை தேய்ந்திருக்கிறது. சிலிண்டர் பூட்டிய பிறகும் ஹேமரை அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் கை நீளமாக இருக்கிறது. நீளமான கையைக் கன்ஸ்மித் அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்துச் சரி செய்துவிடுவார். தேய்ந்த கைக்குப் புதிது போட வேண்டும். அதுவும் பெரிய செலவில்லை.

காடிகள் கதை வேறு. டார்ச் அடித்து ஒவ்வொரு காடியின் ஓரத்தையும் பாருங்கள். சினிமா பார்த்துவிட்டு உள்ளங்கையால் ஹேமரைத் தட்டித் தட்டிச் சுட்டவர்கள் கையில் இருந்த துப்பாக்கி என்றால், சிலிண்டர் வேகமாக வந்து போல்ட்டில் மோதி மோதி காடியின் ஒரு பக்கம் நசுங்கி, விளிம்பில் உலோகம் பிதுங்கி நிற்கும். நகத்தால் வருடினாலே தட்டுப்படும். இதற்குப் புது சிலிண்டர்தான்.

நான் முதன்முதலில் வாங்கிய .45 அப்படிப்பட்டதுதான். கோல்ட் பாணியில் செய்த பழைய துப்பாக்கி. நீலப் பூச்சு கண்ணாடி மாதிரி இருந்தது, டைமிங்கை இரண்டு அறைகளில் மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். ரேஞ்சில் ஐந்து குண்டுகள் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தன. ஆறாவது ஒவ்வொரு சுற்றிலும் இடது பக்கம் கீழே தனியாகப் போய் விழுந்தது. அந்த ஒரு அறையின் காடி மட்டும் நசுங்கியிருந்தது. ஆறையும் பார்த்திருந்தால் கூடுதலாக ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

சிலிண்டரைச் சுற்றி ஒரு கோடு ஓடியிருந்தால் பயப்பட வேண்டாம். கோல்ட் பாணியில் அது அரைநிலையிலிருந்தே ஹேமரை இறக்கும் கெட்ட பழக்கத்தின் தடயம். ரூகர் நியூ மாடலில் அறை நேராக நிற்காதபோது கேட்டை மூடினாலே அந்தக் கோடு விழும், ரொம்ப சகஜம்.

படி 4: ஆட்டமும் இடைவெளியும்

முழுநிலையில் சிலிண்டரைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். இம்மியளவு ஆட்டம் இருக்கலாம். முக்கியமாக, ஆறு அறையிலும் அது ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

பிறகு ஹேமரை இறக்கிவிட்டு சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஃபீலர் கேஜை நுழைத்தால் .004 முதல் .006 அங்குலம் வரை இருப்பது நல்ல வேலைப்பாடு. லேத் பட்டறைக் கணக்கில் 4 தவ், 6 தவ். 8 வரை நான் குறை சொல்ல மாட்டேன். சிலிண்டரைப் பின்னால் தள்ளி ஒரு அளவு, முன்னால் தள்ளி ஒரு அளவு எடுங்கள்; இரண்டுக்கும் வித்தியாசம் 3 தவ்வைத் தாண்டினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

படி 5: தொண்டை

ஆரம்பக்காரர்கள் யாருமே பார்க்காத இடம் இது. ஒவ்வொரு அறையின் முன்வாயும் சற்றுக் குறுகி, குண்டைக் குழலுக்குள் அனுப்பும். அதைத்தான் தொண்டை என்கிறோம். அது குழலின் உள்விட்டத்தைவிட ஒரு பொடி பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் குண்டு அங்கேயே நசுங்கி மெலிந்து, குழலுக்குள் தளர்வாகப் போகும். குறி சிதறும், குழல் முழுக்க ஈயம் அப்பும்.

சிலிண்டரைக் கழற்ற அனுமதி வாங்குங்கள். .45 என்றால் .452 அங்குலக் குண்டை எடுத்து முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தொண்டையிலும் வையுங்கள். பென்சிலின் பின்புறத்தால் லேசாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நான்கு அறையில் அப்படிப் போய், இரண்டில் அடித்துத் தள்ள வேண்டியிருந்தால் அது சமமில்லாத வேலை. ஆனாலும் இறுக்கமான தொண்டையை ரீமர் போட்டு அகலப்படுத்திவிடலாம். இந்தக் குறையைக் காட்டி விலை குறைத்து வாங்குவது புத்திசாலித்தனம். வைத்த உடனே குண்டு தானாக மறுபக்கம் விழுந்தால் தொண்டை பெரிதாகிவிட்டது, மரியாதையாக வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இந்த நேர்த்திக்குத்தான் வயோமிங்கின் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் அவ்வளவு விலை வாங்குகிறது. 1983-ல் .454 கசூலுக்காக அவர்கள் கொண்டுவந்த ஐந்து அறை ரிவால்வரில், சிலிண்டரை அது பொருந்தப் போகும் அதே துப்பாக்கியின் சட்டத்துக்குள் (ஃப்ரேம்) பூட்டி வைத்துக் குழலின் கோட்டிலேயே அறைகளைத் துளைக்கிறார்கள். கையில் எடுத்து ஹேமரை இழுத்தால் சிலிண்டர் வங்கிப் பெட்டகம் மாதிரி நிற்கும்.

படி 6: குழல்

சிலிண்டர் வெளியே இருக்கும்போதே குழலின் பின்வாயைப் பாருங்கள். அந்தப் புனல் வடிவ விளிம்பில் ஈயம் ஒரு பக்கம் மட்டும் அப்பியிருந்தால் ஏதோ ஒரு அறை கோணலாக நிற்கிறது. விரிசல் இருந்தால் பேச்சே வேண்டாம். குழலுக்கு மேலே சட்டத்தில் தீ அறுத்த மெல்லிய கோடு மேக்னம் துப்பாக்கிகளில் இருக்கும். ஓரளவுக்கு மேல் அது ஆழமாவதில்லை.

படி 7: ஹேமரைத் தள்ளிப் பார்த்தல்

மீண்டும் காலி என்று உறுதி செய்துவிட்டு, முழுநிலையில் டிரிகரைத் தொடாமல் ஹேமரைக் கட்டைவிரலால் முன்னுக்கு அழுத்துங்கள். நழுவினால் யாரோ டிரிகரை இலகுவாக்குகிறேன் என்று ஹேமரில் டிரிகர் மாட்டும் காடியை அரைத்திருக்கிறார்கள். ஆபத்தானது. இதில் பேரம் பேசக்கூட நிற்காதீர்கள்.

விலையும் அழுத்தமும்

.45 கோல்ட் தோட்டாவின் தர அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு. .44 மேக்னத்துக்கு 36,000. .454 கசூலுக்கு 65,000. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சாயல்தான், தாங்கும் சக்தியில்தான் வித்தியாசம். "ரூகருக்கு மட்டும்" என்று கையேடுகளில் போட்டிருக்கும் வலுவான .45 தோட்டாக்களைக் கோல்டிலோ அதன் இத்தாலிய நகல்களிலோ போடாதீர்கள். ரூகரிலேயே 2005-ல் வந்த நியூ வக்கேரோ சட்டத்தில் சிறியது, அதிலும் கூடாது. எந்தத் தோட்டா சுடப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் விலை கேட்பதில் அர்த்தமே இல்லை.

இலக்குக்கும் பொழுதுபோக்குக்கும் உபெர்ட்டி போன்ற இத்தாலிய நகல் போதும். வேட்டைக்கு என்றால் ரூகர் சூப்பர் பிளாக்ஹாக்கை முதல் துப்பாக்கியாகத் தயங்காமல் சொல்வேன். 1959 முதல் வருகிறது, கொடுத்த காசுக்கு உழைக்கும். கோல்டில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பாதி வரலாற்றுக்கு. அப்படியானால் கம்பெனி ஆவணக் கடிதம் வாங்கி, குழல் நீளமும் பூச்சும் ஆலையிலிருந்து போனபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். புதுப் பூச்சு அடித்திருந்தால் சேகரிப்பாளர் விலை கொடுக்காதீர்கள்.

1973-க்கு முந்தைய ரூகர்களுக்குக் கம்பெனியே இலவசமாகப் பாதுகாப்புப் பாகம் மாற்றித் தருகிறது, கழற்றிய அசல் பாகங்களையும் திருப்பி அனுப்புகிறது. விற்பவரிடம் அந்தப் பாகங்கள் இருக்கிறதா என்று கேளுங்கள், அந்தச் சின்னப் பைக்கும் தனி மதிப்பு உண்டு.

எல்லாச் சோதனையையும் 4473 படிவத்தில் (கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் அரசுப் படிவம்) பேனா வைக்கும் முன் முடித்துவிடுங்கள். பின்னணிச் சோதனை முடிந்து துப்பாக்கி உங்கள் பெயருக்கு வந்த பிறகு திருப்பிக் கொடுப்பது பெரும்பாடு.

ரேஞ்சில்

மார்க்கர் பேனாவால் அறைகளுக்கு 1 முதல் 6 வரை எண் போடுங்கள். 25 கெஜத்தில், முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி இலக்குத் தாளில் ஐந்து குண்டு சுடுங்கள். ஆறு தாளையும் வரிசையாக விரித்து வைத்தால் எந்த அறை உழைக்கிறது, எது ஏமாற்றுகிறது என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

என் பழைய .45-ல் ஏமாற்றியது 4-ம் எண். கோல்ட் அமைப்பில் ஹேமர் தோட்டா மேல் நின்றால் அடி பட்டாலே வெடிக்கலாம் என்பதால், எப்படியும் ஐந்து தோட்டாதான் போட வேண்டும். ஒன்று போட்டு, ஒன்று விட்டு, நான்கு போட்டு, ஹேமரை முழுதாக இழுத்துக் காலி அறை மேல் இறக்கி வைப்பது வழக்கம். நான் 3-ல் தொடங்குகிறேன். காலியாக நிற்பது எப்போதும் 4.