மஅமூல் உதிர்வதும் கதாயிஃப் வாய் பிளப்பதும் எதனால்?

சிரியா, லெபனான், பாலஸ்தீனம் பக்கத்து வீடுகளில் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பே மஅமூல் வேலை தொடங்கிவிடும். பூரணம் வைத்து அச்சில் அழுத்தி அவனில் சுடும் ரவை பிஸ்கட் அது. நோன்பு மாதம் முழுக்கக் கதாயிஃப்: ஆப்பம் போலச் சுட்டு, பூரணம் வைத்து மடித்துப் பொரித்துப் பாகில் முக்கும் இனிப்பு. மஅமூல் என்றால் அரபியில் ‘செய்யப்பட்டது’ என்று பொருள். நம் ஊரில் கைமாறும் ‘மாமூல்’ இதே சொல்லிலிருந்து வந்ததுதான், தித்திப்பு மட்டும் வேறு.

மஅமூலைக் கெடுப்பதில் முதல் இடம் அவசரத்துக்கு. ரவையை மைதா போல நினைத்துப் பிசைகிறார்கள். ரவைக்கு வேண்டியது கை பலம் இல்லை, ஊறும் நேரம். அரை கிலோ ரவைக்கு 250 கிராம் நெய். உருக்கிய நெய்யை வெதுவெதுப்பாக ஊற்றி, உள்ளங்கைகளுக்கு நடுவே ரவையைத் தேய்த்து, ஒவ்வொரு மணியிலும் நெய் ஏறிய பிறகு மூடி வையுங்கள். குறைந்தது 8 மணி நேரம். ராத்திரி முழுக்க ஊறினால் இன்னும் நல்லது. ஒரு மணி நேரத்திலேயே அச்சை எடுத்தால் ரவை மணியின் உள்பகுதி காய்ந்தே இருக்கும். வேகும்போது மாவின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். மேலே வெடிப்பு விடும், கடித்தால் மணல் போல நறநறக்கும். உப்புமா பழக்கத்தில் ரவையை வறுத்துவிடவும் வேண்டாம். வறுத்த ரவை ஒன்றோடொன்று பிடிக்காது.

மறுநாள் கால் தேக்கரண்டி ஈஸ்ட், அரை தேக்கரண்டி மஹ்லப் (ஒரு வகைச் செர்ரிக் கொட்டையின் பருப்புப் பொடி), பிறகு ரோஜாப் பன்னீரும் ஆரஞ்சுப் பூப் பன்னீரும் சரிபாதியாக 100 முதல் 120 மில்லி. மொத்தத்தையும் ஒரேயடியாக ஊற்றாமல், கரண்டி கரண்டியாக விட்டு விரல் நுனியால் சேருங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரல் தடம் பதிந்து நிற்க வேண்டும். உடைந்தால் இன்னும் ஒரு கரண்டி விடலாம். பன்னீர் என்றால் பூவை வடித்து எடுத்தது. எசென்ஸை அதே அளவில் ஊற்றினால் தட்டு முழுக்கச் சோப்பு வாசம்தான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ரூமி மஸ்தகியும் (வாசனை மரப் பிசின்) ஒரு சிட்டிகை சேர்ப்பார்கள். அதைத் தனியாக மிக்சியில் போட்டால் சூட்டில் இளகிப் பிளேடில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு அம்மியிலோ உரலிலோ பொடியுங்கள்.

பூரணத்தில் ஈரம் கூடினால் அடிவழியே பாகு கசிந்து தட்டில் கருகும். வால்நட்டைப் பவுடராக்காமல் கொரகொரப்பாக நறுக்கி, சர்க்கரை, பட்டைத் தூளோடு கொஞ்சமே கொஞ்சம் பன்னீர் தெளித்தால் போதும். பேரீச்சை காய்ந்திருந்தால் ஆவியில் வைத்து மசியுங்கள்; தண்ணீரில் வேகவைக்காதீர்கள். சூடாகவே உள்ளே வைத்தால் மாவிலுள்ள நெய் இளகி அச்சில் ஒட்டும்.

25 கிராம் மாவுக்கு 15 கிராம் பூரணம் நல்ல கணக்கு. மர அச்சை முகம் கீழாகக் குத்தக் கூடாது. அதன் நுனி விளிம்பை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் தானே விழும். பேரீச்சைக்குத் தட்டை வட்டம், வால்நட்டுக்குக் குவிந்த வட்டம், பிஸ்தாவுக்கு நீள்வட்டம் என்பது வழக்கம். இதை மாற்றினால் ருசி ஒன்றும் கெடாது, ஆனால் விருந்தாளி எதில் என்ன இருக்கிறது என்று கடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

200 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம். மேலே சிவக்கட்டும் என்று காத்திருப்பவர்களுக்குக் கல்தான் கிடைக்கும். ஒன்றைப் புரட்டிப் பாருங்கள்: அடி பொன்னிறம், மேல் வெளிறிய நிறம் என்றால் எடுத்துவிடலாம். சூட்டில் தொட்டால் பொலபொலவென்று உதிரும், தட்டிலேயே ஆறவிடுங்கள். தூள் சர்க்கரையும் ஆறிய பிறகுதான். சூட்டில் தூவினால் உருகிப் பிசுபிசுக்கும். பேரீச்சை மஅமூலுக்குச் சர்க்கரை தூவுவதில்லை.

கதாயிஃபில் சிக்கல் வேறு. 250 கிராம் மைதா, 50 கிராம் பொடி ரவை, அரை தேக்கரண்டி ஈஸ்ட், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, சுமார் 400 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். கரைத்து 45 நிமிடம் பொங்கவிடுங்கள். கல்லில் எண்ணெய் தடவக் கூடாது, திருப்பிப் போடவும் கூடாது. ஆப்பம் போல ஒரு பக்கம்தான் வேகும். மேலே கண்கண்ணாகத் திறந்து, ஈரப் பளபளப்பு போனதும் எடுத்துவிட வேண்டும். கண் திறக்குமுன் அடி சிவந்தால் தீ அதிகம். கண்ணே வரவில்லை என்றால் மாவு கெட்டி, அல்லது கல் சூடாகவில்லை.

பொரிக்கும்போது வாய் பிளப்பதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய் இல்லை, விளிம்பு காய்ந்துபோனதுதான். சுட்டதைத் துணியில் ஒன்றொன்றாகப் பரப்பி, இன்னொரு துணியால் மூடி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே பூரணம் வைத்து விளிம்பை அழுத்திக் கிள்ளுங்கள். கண் திறந்த மேல்பக்கம் உள்ளே வரும்படி மடித்தால்தான் ஒட்டும், பழுப்புப் பக்கம் ஒட்டவே ஒட்டாது. காய்ந்துவிட்டால் மைதாக் கரைசலைத் தடவி ஒட்டலாம். உப்பில் ஊறிய நாபுலுஸ் சீஸை வைப்பதானால், தண்ணீரை மாற்றி மாற்றிச் சில மணி நேரம் ஊறவைத்து உப்பை இறக்கியாக வேண்டும்.

பாகுக்கு 400 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணீர். கொதித்ததும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, அதன்பின் கிளறாமல் ஏழெட்டு நிமிடம். எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையைப் பிரித்து, மீண்டும் பூக்காமல் தடுக்கிறது. கம்பிப் பதத்துக்கு முன்பே, ஒட்டுப் பதத்தில் இறக்கிப் பன்னீரைச் சேருங்கள். கொதியில் விட்டால் வாசம் பறந்துவிடும். ஆறின பாகில் சூடான கதாயிஃபை முக்கி எடுக்க வேண்டும். இரண்டும் சூடாக இருந்தால் மொறுமொறுப்பு போய்த் தொளதொளத்துவிடும்.

அஸாஃபீரி என்ற சின்னக் கதாயிஃபைப் பாதி மட்டும் மூடி, கிஷ்தா எனும் பாலாடையை நிரப்பி, பிஸ்தாத் தூளில் வாயைத் தொட்டு அப்படியே சாப்பிடுவார்கள். அதை எண்ணெயில் போட்டால் பாலாடை வெளியே வழிந்து எண்ணெய் தெறிக்கும்.