நவீனக் கலையைப் பகடி செய்யும் குறும்படம்: கேலரியும் கச்சேரியும் நிஜமாகத் தெரிய

நவீனக் கலையையும் இசையையும் பகடி செய்யும் படங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. திரையில் வரும் படைப்பு போலி என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. கேன்வாஸில் அள்ளித் தெளித்த பெயின்ட், கீபோர்டில் கண்டபடி தட்டிய சத்தம். முதல் சிரிப்போடு அது தீர்ந்துவிடும். ‘ஒருவேளை இது நல்ல படைப்பாகவே இருக்குமோ’ என்ற சந்தேகம் பார்ப்பவருக்குக் கடைசிவரை இருக்க வேண்டும். நியூயார்க் கேலரிகளையும் புதிய இசைக் கச்சேரிகளையும் வைத்து 2009இல் வந்த ‘அன்டைட்டில்டு’ படத்துக்கு இசையமைத்தவர் டேவிட் லாங். அதற்கு முந்தைய ஆண்டுதான் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்றிருந்தார். அந்தப் படத்தில் வாளியை உதைக்கும் சத்தம்கூடக் காது கொடுத்துக் கேட்கும்படி இருக்கிறது.

ஆகவே முதலில் படைப்பைச் செய்யுங்கள், வசனம் பிறகு. ஒரு பொருள், ஒரு செயல், ஒரு விதி என்று வைத்துக்கொண்டால் போதும். உதாரணத்துக்கு, 24 பூட்டுகள், ஒவ்வொன்றிலும் வேறொரு பூட்டின் சாவி. எல்லாமே ஒரே கம்பெனி, ஒரே அளவுப் பூட்டாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மாற்றுச் சாவி உள்ளேயே நுழையாது. 12 செ.மீ. இடைவெளியில் ஒரே வரிசையாக மாட்டினால் சுமார் 2.8 மீட்டர் சுவர் பிடிக்கும். வரிசையின் மையம் தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும், கேலரிகளில் வழக்கமான கண்மட்டம் அதுதான். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு பூட்டு அரை செ.மீ. இறங்கினாலும் அகலக் காட்சியில் கண் அங்கேதான் போகும்.

நிஜமான ஓவியர் ஒருவரின் படைப்பை அப்படியே நகலெடுக்க வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957), படைப்பாளர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் பாதுகாப்பு தருகிறது.

விளக்க அட்டையில் பலர் கோட்டை விடுகிறார்கள். கலைஞர் பெயர், பிறந்த ஆண்டு, தலைப்பு, படைப்பின் ஆண்டு, பொருள்கள், அளவு என்ற வரிசையில் எழுதுங்கள். அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு, ஆழம் கடைசியில். ‘பொருள்கள்’ வரியில் ‘பித்தளைப் பூட்டுகள், சாவிகள்’ என்று உள்ளதை மட்டும் எழுதுங்கள், அங்கே நகைச்சுவை வேண்டாம். படைப்போடு வரும் சான்றிதழ், குறிப்புக் காகிதங்களும் நிஜம்போல இருக்கட்டும். இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலான் 2019இல் சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழத்தை வாங்கியவருக்கு உண்மையில் கிடைத்தவை சான்றிதழும் செய்முறைக் குறிப்புகளும்தான். 175 செ.மீ. உயரத்தில் ஒட்ட வேண்டும், 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை பழத்தை மாற்ற வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் பூட்டுகளுக்கும் அப்படி இரண்டு பக்கக் குறிப்பு எழுதி, நடிகரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தனியாக வசனமே தேவைப்படாமல் போகலாம்.

வெள்ளைச் சுவர் கேமராவுக்கு எதிரி. தூய வெள்ளைக்குப் பதில் ஒரு சாயல் சாம்பல் கலந்த மேட் பெயின்ட் அடியுங்கள். வெளிச்சம் மிகுந்த இடங்களைக் கேமரா திரையில் கோடு போட்டுக் காட்டும் ஜீப்ராவில் சுவர் 70–75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முகங்கள் இருண்டு, சுவர் வெளிறும். ஸ்பாட் விளக்கைச் செங்குத்திலிருந்து 30 பாகை சாய்த்து வைத்தால் நிழல் படைப்பின் கீழே அளவாக விழும். மலிவான எல்.இ.டி. விளக்குகள் திரையில் துடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 வையுங்கள். விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுப்பவர்களுக்கு அது 172.8 பாகை ஷட்டர் கோணம்.

காலி அறையில் எதிரொலி வசனத்தைத் தின்றுவிடும். கேமராவுக்குத் தெரியாத பக்கமெல்லாம் கனத்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள். கூட்டமாக நிற்பவர்கள் வாயை மட்டும் அசைக்கட்டும், சலசலப்பைப் பிறகு தனியாகப் பதியலாம். கச்சேரியில் மௌனம் வரும் இடத்தில் ஒலித்தடத்தை வெறுமையாக விட்டால் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைப்பார்கள். அதே அரங்கின் வெற்று ஒலியை 60 விநாடி பதிந்து அங்கே போடுங்கள். 1952 ஆகஸ்ட் 29 அன்று நியூயார்க் மாகாணத்தின் வுட்ஸ்டாக்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் 4 நிமிடம் 33 விநாடி மௌனப் படைப்பை அரங்கேற்றிய பியானோ கலைஞர் டேவிட் டியூடர், ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் பியானோவின் விசைப்பலகை மூடியைச் சாத்தினார், முடிவில் திறந்தார். அப்படி ஒரு தெளிவான சைகை உங்கள் நடிகருக்கும் வேண்டும்.

இசைக்கு மிகவும் பொருத்தமானது, கம்பிகளுக்கிடையே பொருள்கள் செருகிய பியானோ. கேஜ் 1940இல் சியாட்டிலில் ஒரு நடனத்துக்காக இந்த முறையைக் கண்டுபிடித்தார். கண்ணுக்கும் விருந்து, காதுக்கும் விருந்து. முடிந்தவரை கிராண்ட் பியானோவே எடுங்கள். நிமிர்ந்த பியானோவில் கம்பிகள் செங்குத்தாக இருப்பதால் செருகியவை நழுவி விழும். உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கையைக் கழுவித் துடைத்த பிறகே கம்பியருகே போக வேண்டும், வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். வலது பெடலை ஒருவர் அழுத்திப் பிடித்தால், கம்பியின் அதிர்வை அடக்கும் டாம்பர்கள் மேலே எழும். அப்போதுதான் அவை வளையாமல் தப்பும். ஐஸ்கிரீம் குச்சியால் இரண்டு கம்பிகளை மெல்ல விலக்கி, சிறிய போல்ட்டைத் திருகி இறக்குங்கள், மரை கம்பியைப் பிடித்துக்கொள்ளும். போல்ட்டின் அடிமுனை கீழே உள்ள மரப்பலகையைத் தொடக் கூடாது. ஒரு சுரத்துக்கு மூன்று கம்பி உள்ள நடு, மேல் பகுதிகளில் மட்டும் செருகுங்கள். செம்பு சுற்றிய அடிக் கம்பிகளில் வேண்டவே வேண்டாம், சுற்று கெட்டுவிடும். தளர்ந்த நட் மாட்டிய போல்ட் சலசலக்கும். ரப்பர் துண்டு மத்தளம்போல ஒடுங்கி ஒலிக்கும். கம்பியின் நீளத்தில் பாதி, மூன்றில் ஒன்று போன்ற இடங்களில் மணி நாதம் வரும். ஒரு செ.மீ. நகர்ந்தாலே ஒலி மாறிவிடுவதால், ஒவ்வொரு செருகலையும் படமெடுத்து, இரும்புச் சட்டத்தில் காகித டேப் ஒட்டி எண் போடுங்கள். 12 சுரங்கள் ஒரு காட்சிக்குத் தாராளம்.

பொருள்களை எடுக்கும்போதும் பெடலை அழுத்தியே எடுக்க வேண்டும். இறக்கிய போல்ட்டுகளையும் நட்டுகளையும் எண்ணிச் சரிபாருங்கள். ஒன்று குறைந்தால் பலகைமேல் கிடக்கும், அடுத்த கச்சேரி முழுக்க அதிரும். நீண்ட குச்சி நுனியில் காந்தம் கட்டினால் எஃகுத் துண்டுகளை எடுத்துவிடலாம். பித்தளைக்குக் காந்தம் உதவாது, நீண்ட இடுக்கிதான் வழி. பியானோவைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் சுருதி சேர்ப்பவரை ஒருமுறை வரவழைக்க பட்ஜெட்டில் இடம் வையுங்கள்.